மண்டபமா, தட்டட்டியா, புறவாசலா: பட்டதாரிப் பிள்ளைக்கு 20,000 ரூபாயில் ஒரு விருந்து

என் அக்கா மகள் பி.இ. முடித்துவிட்டாள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. கவுன்சிலிங்குக்கு முன்னால் முதல் பட்டதாரி சான்றிதழுக்காக அலைந்தவன் தாய்மாமனாகிய நான்தான். அதனாலேயோ என்னவோ, ஒரு விருந்து வைக்க வேண்டும் என்று பேச்சு வந்ததும் கணக்குப் போடும் வேலையும் என் தலையில் விழுந்தது. அத்தான் ஒதுக்கிய பணம் 20,000 ரூபாய். வருகிறவர்கள் 60 பேர்: சொந்தக்காரர்கள் 40, அவளுடைய கூட்டாளிகள் 15, பக்கத்து வீட்டார் 5. ஊர் திருநெல்வேலிப் பக்கத்துச் சேரன்மகாதேவி.

இடம், சாப்பாடு, அலங்காரம் மூன்றுக்கும் தனித்தனியாக விலை கேட்டுக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன். அது தப்பு. எந்த வேளைக்குக் கூப்பிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். மத்தியானம் கூப்பிட்டால் சோறு போட்டாக வேண்டும். சோறு என்றால் பந்தி, மேஜை நாற்காலி, சமையலுக்கு ஆள், பெரிய பாத்திரம் என்று வால் நீளும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிட்டால் பலகாரம் காபியில் தொடங்கலாம். வெயில் இறங்கியிருக்கும். இருட்டத் தொடங்கியதும் அலங்காரத்தில் பாதியைச் சீரியல் பல்பே பார்த்துக்கொள்ளும். ராத்திரி எட்டு மணி என்றால் வெளியூர்க்காரர்கள் வந்த உடனேயே கடைசி பஸ்ஸை நினைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

அக்காவுக்குச் சாயங்காலம் என்றதும் முகம் வாடிவிட்டது. "தம்பி, சோறு போடாம அனுப்பினா ஊரு என்ன சொல்லும்?" என்றாள். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. நம் ஊரில் விருந்து என்றால் வயிறு நிறைவதுதான் கணக்கு. அதற்கு என்ன செய்தோம் என்பதைச் சாப்பாட்டில் சொல்கிறேன்.

தேதியிலும் இரண்டு வழி உண்டு. தேர்வு முடிவு வந்த கையோடு வைப்பது ஒன்று, கல்லூரியில் பட்டமளிப்பு விழா முடிந்த பிறகு வைப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் கூட்டாளிகளில் பாதிப் பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போயிருப்பார்கள். கருப்பு அங்கி போட்ட படம் வேண்டும் என்று காத்திருக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அங்கி பெரும்பாலும் வாடகைதான், விழா முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் படத்தைப் பிறகு கல்லூரியிலேயே எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் முடிவு வந்த கையோடு, ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தோம்.

ஆனியா ஆடியா என்றும் ஒரு யோசனை ஓடியது. ஆனியில் முகூர்த்தம் உண்டு என்பதால் பூ விலை ஏறும், பந்தல்காரர் பிகு பண்ணுவார். ஆடியில் கல்யாணம் கிடையாது. வாடகைக் கடையில் பேரம் பேசலாம். ஆனால் ஆடி வெள்ளியை ஒட்டி அம்மன் கோயில்களுக்குப் பூ போவதால் அந்த நாட்களில் விலை குறையாது. கோயில் கொடை நடக்கிற ஊர்களுக்குச் சீரியல் செட்டும் மைக் செட்டும் கிளம்பிவிடும். முகூர்த்தம் இல்லாத ஆனி ஞாயிறு ஒன்று கிடைத்தால் அதுதான் நல்லது. நாட்காட்டியில் பார்த்தால் போதும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்ட நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். திருநெல்வேலி டவுன் வழியாக வருகிறவர்கள் கூட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

எங்கே வைப்பது

அத்தானுக்கு மண்டபம்தான் பிடித்திருந்தது. வீடு அழுக்காகாது, வண்டி நிறுத்த இடம் இருக்கும், பெரியவர்கள் ஏசியில் உட்காரலாம். பாளையங்கோட்டையில் ஒரு மினி ஹாலில் அரை நாளுக்கு 12,000 கேட்டார்கள். கரண்டும் சுத்தம் செய்யும் கூலியும் தனி. வெளிச் சமையல் உள்ளே வரக்கூடாது, அவர்கள் ஏற்பாடு செய்யும் சாப்பாடு இலைக்கு 180. 60 இலைக்கு 10,800. கூட்டினால் 22,800. இன்னும் ஒரு முழம் பூ வாங்கவில்லை. வருகிறவர்கள் 150 பேர் என்றாலோ, வீடு இரண்டு அறை மட்டும் என்றாலோ நானும் மண்டபத்துக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன். 60 பேருக்கு அது பெரிய சட்டை.

மருமகளுக்கு, அதாவது அக்கா மகளுக்கு, தட்டட்டி மேல்தான் ஆசை. மொட்டை மாடிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். போனில் பார்த்த படங்களில் எல்லாம் மொட்டை மாடி, தொங்குகிற மஞ்சள் பல்பு, பின்னால் சிவந்த வானம். படத்தில் காற்று தெரியாது. தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் புகுந்து வருகிற மாதங்கள் இவை. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற அதே காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊரில் பழமொழியாக இருக்கலாம், எனக்கு அனுபவம். என் மகனுடைய முதல் பிறந்தநாளைத் தட்டட்டியில் வைத்து, மூங்கிலில் கட்டிய பின்திரை கேக் மேல் சாய்ந்தது. கட்டியவனும் நான்தான். காற்றை விட்டாலும் வேறு இரண்டு சங்கடம் இருக்கிறது. பகல் முழுவதும் காய்ந்த தளம் ஆறு மணிக்கும் கால் வைக்க விடாது. 60 பேருக்கான சாப்பாடும் தண்ணீரும் படி ஏற வேண்டும், முட்டி வலிக்காரர்களும் ஏற வேண்டும். மாசி, பங்குனியில் விருந்து வைக்கிறவர்கள் தாராளமாகத் தட்டட்டிக்குப் போகலாம். அப்போது மழையும் இராது, காற்றும் அடங்கியிருக்கும்.

வாசலில் தெருவை அடைத்துச் சாமியானா போடுவது மூன்றாவது வழி. நாலு பேருக்குத் தெரியும், வருகிறவர்கள் வீடு தேட வேண்டாம். ஆனால் தெருவுக்குள் வருகிற பைக், ஆட்டோ, பால் வண்டி எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல ஓர் ஆள் நிற்க வேண்டும். அக்கம்பக்கத்தில் மட்டுமில்லாமல் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். கல்யாணத்துக்குச் சரி.

கடைசியில் ஜெயித்தது யாரும் பேச்சில்கூட எடுக்காத புறவாசல். அக்கா வீடு பழைய நெல்லை வீடு: திண்ணை, தார்சா என்கிற முன்கூடம், பட்டாசல் என்கிற நடுக்கூடம், அடுக்களை என்று ரயில்பெட்டி மாதிரி நீளமாகப் போய்ப் பின்னால் கிணறும் முருங்கையும் ஒரு வேப்பமரமும் நிற்கிற இடத்தில் முடியும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சுவர். காற்று மேலே போகும், கீழே வராது. நாலு மணிக்கே நிழல் விழுந்துவிடும். அடுக்களை பக்கத்திலேயே இருப்பதால் தோசைச் சட்டுவத்தைக்கூட யாரும் சுமக்க வேண்டாம். வீட்டுக்குள் நுழையாமல், பக்கவாட்டு முடுக்கு (சந்து) வழியாகவே ஆட்களைப் பின்னால் கூட்டி வரலாம். விறகும் உடைந்த கட்டிலும் பழைய தொழுவமுமாகக் கிடந்த அந்த இடத்தைச் சுத்தம் செய்ய இரண்டு ஆளுக்கு ஒரு நாள் கூலி, குப்பை அள்ள ஒரு குட்டியானை வண்டி, எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய். அக்கா அந்த வேலையைப் பத்து வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தாள் என்பதால், இதை விருந்துச் செலவில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கும் அத்தானுக்கும் இன்னும் வழக்கு உண்டு.

உங்கள் வீட்டில் புறவாசல் இல்லாமல் இருக்கலாம். கார் நிறுத்துகிற இடம், வளவு வீட்டு நடுமுற்றம், பக்கத்து மனை என்று ஏதாவது இருக்கும். தரை மட்டத்தில், அடுக்களைக்குப் பக்கத்தில், இரண்டு பக்கம் மறைப்போடு ஓர் இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். அழகாக இருக்கிறதா என்று பிறகு பார்க்கலாம்.

சாப்பாடு

மத்தியானச் சாப்பாடு என்றால் எங்கள் பக்கத்தில் சொதிதான் பெருமை. பாசிப்பருப்பும் காய்கறியும் தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேக வேண்டும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்கி, அப்புறம் எலுமிச்சை பிழிய வேண்டும். கொதித்தால் திரியும். வெயிலில் சில மணி நேரம் வைத்தாலே தேங்காய்ப்பால் பதம் மாறிவிடும். அதனால் முந்தின நாளே செய்து வைக்கிற சங்கதி இது இல்லை. கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் இல்லாமல் சொதியை இலையில் ஊற்ற முடியாது. 60 பேருக்கு 20 முதல் 25 தேங்காய் ஆகும். தேங்காய் விற்கிற விலையில் அது சாதாரணக் கணக்கு இல்லை. சமையல் செய்கிற தவசிப்பிள்ளைக்கும் கையாளுக்கும் 4,000, காய்கறி மளிகை 7,500, மேஜை பாத்திரம் அடுப்பு வாடகை 3,000. ஆக 14,500.

பிரியாணி இதைவிட லேசாகத் தெரியும். ஒரு கிலோ அரிசி எட்டிலிருந்து பத்துப் பேருக்குக் காணும், ஏழு கிலோ போட்டால் போதும். ஓர் அண்டா, ஒரு மாஸ்டர், பச்சடி, முடிந்தது. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் சைவம் என்பதால் அவர்களுக்கு இன்னொரு அடுப்பு. அடுப்பு இரண்டானால் செலவும் இரண்டு. வருகிறவர்கள் எல்லோரும் கறி சாப்பிடுகிறவர்கள் என்றால் பிரியாணிக்கு நிகரான சிக்கனம் வேறு இல்லை. இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

நாங்கள் எடுத்த வழி சாயங்காலப் பலகாரமும் அதன் தலையில் சொதியும். ஐந்து மணிக்கு அல்வா, மிக்சர், வாழைக்காய் பஜ்ஜி, காபி. அல்வாவை ஆளுக்கு 50 கிராம் என்று கணக்கு வைத்தால் ஒரு கிலோ 20 பேருக்கு வரும். மூன்று கிலோ வாங்கினோம். டவுனில் வரிசையில் நின்று வாங்க ஆசைப்பட்டால் முந்தின நாளே போய்விடுங்கள், அல்வா ஒரு நாளில் கெடாது. ஏழரை மணிக்கு இடியாப்பமும் சொதியும். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீட்டில் இடியாப்பம் பிழிந்து கொடுக்கிற ஓர் அம்மா இருக்கிறார்கள். ஆளுக்கு நாலு வீதம் 240 சொல்லி வைத்தோம். தொட்டுக்கொள்ளத்தானே என்பதால் சொதிக்கு 15 தேங்காய் போதுமானதாக இருந்தது. அதைப் பெரியம்மையும் அக்காவுமே பின்கட்டில் வைத்து முடித்தார்கள். தவசிப்பிள்ளை தேவைப்படவில்லை. பஜ்ஜிக்கும் பாத்திரம் கழுவவும் மட்டும் இரண்டு பெண்களைக் கூலிக்கு வைத்தோம். கடைசியில் ஒரு கரண்டி தயிர்ச்சோறு, மோர்மிளகாய். ஊர் என்ன சொல்லும் என்ற கேள்விக்கு அந்தத் தயிர்ச்சோறுதான் பதில். கேக், காபி, கூலி எல்லாம் சேர்த்து 11,300.

கேக்கைப் பற்றி ஒரு வரி. பட்டதாரித் தொப்பி வடிவத்தில் செய்யச் சொன்னால் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. சாதாரண வட்டக் கேக்கின் மேல் அட்டையில் வெட்டிய தொப்பியைக் குத்தி வைத்தோம். யாரும் கேட்கவில்லை.

அலங்காரம்

இங்கேதான் பணம் சத்தமில்லாமல் போகும். மூன்று வழி பார்த்தோம்.

அலங்காரம் செய்து கொடுக்கிறவர்களிடம் பலூன் வளைவு, பின்திரை, ஒளிரும் எழுத்து எல்லாம் சேர்த்து 7,500 என்றார்கள். வேலை சுத்தமாக இருக்கும், பொய் சொல்லக்கூடாது. நான்கு மணி நேரம் கழித்து அவர்களே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே நான்கு மணி நேரத்துக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாவது, இணையத்தில் வாங்குகிற பெட்டி. கருப்பு, பொன்னிற பலூன், மின்னுகிற திரை, ஆங்கில எழுத்துகள், கையால் அடிக்கிற பம்ப், எல்லாம் 700 ரூபாய்க்குள். மலிவுதான். நம்மூர் வெயிலில் ரப்பர் பலூன் மத்தியானமே நிறம் மங்கி, ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கும். ஊதினால் நாலு மணிக்கு மேல், நிழலில் ஊத வேண்டும். மேலே மிதக்கிற பலூன் கேட்கிற பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் ஹீலியம் அடைத்தால் தீப்பற்றாது, ஆனால் விலை எட்டாது. மலிவாகக் கிடைக்கிற கேஸ் பலூனில் ஹைட்ரஜன் இருக்கலாம். மெழுகுவர்த்திக்கும் குத்துவிளக்குக்கும் பக்கத்தில் அது வெடித்தால் முகம் வெந்துவிடும். வேண்டவே வேண்டாம்.

பெட்டி வந்து சேர்ந்த அன்று ஆச்சி அதைப் பிரித்துப் பார்த்தாள். "நல்ல காரியத்துக்குக் கருப்பையா கட்டுவாக?" ஒரே கேள்வி. மருமகள், "கவுனே கருப்புதானே ஆச்சி" என்றாள். "அது அவுக காலேஜில. இது என் வீடு." அத்தோடு கருப்பு பலூன் பாக்கெட் பரணுக்குப் போனது. பொன்னிறத்தோடு அரக்கு நிறம் தனியாக வாங்கினோம். பெட்டி வாங்குமுன் வீட்டுப் பெரியவர்களிடம் நிறம் கேட்டுக்கொள்வது 150 ரூபாயை மிச்சம் பிடிக்கும்.

மூன்றாவது வழி, ஊரில் கிடைக்கிறதை வைத்துக் கட்டுவது. மாவிலை, குருத்தோலைத் தோரணம், வாசலுக்கு இரண்டு வாழை. கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும் என்று மருமகள் பயந்தாள். அதில் நியாயம் உண்டு. அதனால் வாழையை விட்டுவிட்டு, குருத்தோலையை மட்டும் முடுக்கின் தலையில் கட்டினோம். தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வருகிற ஒருவரிடம் செவ்வந்தியும் கேந்தியும் உதிரியாக வாங்கி, ஒரு பழைய உருளியில் தண்ணீர் விட்டு மிதக்க விட்டோம். மாலை கட்டுகிற கூலி மிச்சம். மல்லிகையை அலங்காரத்துக்கு வாங்காதீர்கள், அது தலைக்கு.

படம் எடுக்கிற சுவர்தான் முக்கியம். 60 பேரும் ஒரு தடவையாவது அங்கே நிற்பார்கள், எல்லோர் போனிலும் மிஞ்சப்போவது அதுதான். வாடகைத் துணித் திரைக்குப் பதிலாகப் பத்தமடைப் பாய் இரண்டைச் சுவரில் தொங்கவிட்டோம். பத்தமடை எங்களுக்குப் பக்கத்து ஊர். பட்டுப்போல மடிகிற நயம் பாய் நம் பட்ஜெட்டுக்கு வராது. முரட்டுக் கோரைப் பாய் வரும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்வது போல இவள் பெயரையும் நெய்யலாம்தான், ஆனால் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். நாங்கள் பெயரைப் பொன்னிற அட்டையில் தமிழில் வெட்டிப் பாயில் குத்தினோம். கோரையின் மங்கலான மஞ்சளுக்கு முன்னால் எந்தப் புடவையும் எடுப்பாகத் தெரிகிறது, பின்னால் இருந்து கண்ணைக் குத்துவதில்லை. வெள்ளைப் பல்புக்குப் பதில் மஞ்சள் பல்பு போட்டது அதற்கு இன்னும் பொருந்தியது.

நான் சந்தோஷப்பட்ட இடம் முடுக்குதான். முப்பது அடி நீளம், இரண்டு ஆள் ஒட்டி நடக்கிற அகலம். அதில் கொடிக்கயிறு கட்டி, துணி மாட்டுகிற கிளிப்பில் அவளுடைய படங்களை வரிசையாகத் தொங்கவிட்டோம்: பால்வாடியில் சிலேட்டோடு அழுகிறது, அஞ்சாம் வகுப்பில் மாறுவேடம், பிளஸ் டூ ஹால் டிக்கெட், ஹாஸ்டல், கடைசியாகப் பிராஜெக்ட் கொடுத்த நாள். மேலே ஒரு சரம் சீரியல் பல்பு. 36 படம் பிரிண்ட் போட 15 ரூபாய் வீதம் 540. வந்தவர்கள் அந்த முப்பது அடியைக் கடக்கப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார்கள். பெரியம்மை ஒரு படத்தின் முன்னால் நின்று, அதில் இருக்கிற தன் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. எந்தப் பலூன் வளைவும் அதைச் செய்யாது. அலங்காரம் மொத்தம் 2,900, பரணில் கிடக்கிற கருப்பு பலூன் உட்பட.

மற்ற சில்லறைகள்

நாற்காலி 40, மேஜை 3, சீரியல் செட், காபி டிரம் வாடகை 2,400. எல்லோருக்கும் நாற்காலி வேண்டாம், இளவட்டங்கள் ஜமக்காளத்தில் உட்காரும். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் தெர்மோகோல் தட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பலகாரத்துக்குப் பாக்குமட்டைத் தட்டு, இடியாப்பத்துக்கு வாழையிலை. ஆற்றங்கரை ஊரில் இலைக்குப் பஞ்சமில்லை. தண்ணீருக்குக் காருகுறிச்சிப் பானை இரண்டு, அக்கா வீட்டிலேயே இருந்தது. பாட்டுக்கு மைக் செட் எடுக்கவில்லை. கூட்டாளி ஒருவன் கொண்டுவந்த ஸ்பீக்கர் புறவாசலுக்கு எதேஷ்டம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். எங்களுக்கு ஒன்பதரைக்கே ஆச்சி நிறுத்திவிட்டாள்.

அழைப்பிதழ் அடிக்கவில்லை. கார்டு அடித்தால் மொய் எதிர்பார்க்கிறார்கள் என்று நினைப்பார்கள். கூட்டாளிகளுக்கு வாட்ஸ்அப் போதும். பெரியவர்களை மட்டும் நேரில் போய் அழைத்தோம். போனில் சொன்னதற்காக வராமல் இருந்துவிடுகிற சித்தப்பா எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு.

மொத்தம் 18,200. மீதி 1,800-ஐ அத்தான் மருமகள் கையில் கொடுத்தார். அவள் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வாங்கி, வேலைக்குப் போகிற ஊருக்கு எடுத்துப் போனாள். பாய் இரண்டில் ஒன்றில் அத்தான் மத்தியானம் படுக்கிறார். பெயர் குத்திய இடத்தில் இன்னும் ஓட்டை தெரிகிறது.